பெறுநர் யாருங்க?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். அந்தக் கடையில் நான் முதலில் பார்த்தது ஒரு மரஸ்கேல். ஒரு தாளின் குறுக்கே அதை அழுத்தி வைத்து, ஸ்கேலுக்கு மேலே இருந்த பாதியை டைப்ரைட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் கிழித்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற பெரியவர் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, தான் எழுதிவந்த மனுவின் பாதி குப்பைக்கூடையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெருங்கருணையும் பேரறிவும் வாய்ந்த" என்று தொடங்கிய நான்கு வரிகள் கூடைக்குள் முகம் காட்டிக் கிடந்தன.

"இதுல உங்க விசயம் ஒண்ணுமே இல்லீங்க. கீழ இருந்துதான் ஆரம்பிக்குது," என்றார் அந்தப் பெண்.

அது கோவைக் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே, ஜெராக்ஸ் மெஷினோடு இடத்தைப் பங்கு போட்டுக்கொண்ட ஜாப் டைப்பிங் கடை. வருடம் தொண்ணூற்று ஐந்து. திங்கட்கிழமை மக்கள் குறை கேட்கும் நாள் என்பதால் காலையிலேயே அன்னூர், அவிநாசிப் பக்கத்து பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் வருவார்கள். எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அம்மணி. பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால், "இது எதுக்குங்க? இந்த மனுவுல அனுப்புநர் நானா?" என்று கேட்டுப் பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுவார்.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகளாக நிருபர். அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழங்கை வரை நீண்ட ரவிக்கை, இடது கட்டைவிரலில் கார்பன் தாளின் ஊதாக் கறை. நான் அன்று போனது ஒரு செய்திக்காக. குறை தீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களைப் பற்றி உருக்கமாக ஒன்று எழுத வேண்டும் என்பது என் திட்டம். அவரிடம் பேட்டி கேட்டேன். பேட்டியில் என்ன வேண்டும் என்று கேட்டார். பொதுவாக உங்கள் அனுபவம் என்றேன். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் வரும், உங்களுக்கே பிரயோஜனப்படாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தச் செய்தி வரவில்லை.

அவரிடம் மூன்று கேள்விகள் இருந்தன. யாருக்கு? என்ன நடந்தது? என்ன வேண்டும்? மனு கொண்டுவருகிறவர் வக்கீலாக இருந்தாலும் ஆடு மேய்ப்பவராக இருந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் மெஷினில் தாளைச் சொருக மாட்டார். மூன்று காப்பி. ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று சீல் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள, ஒன்று வீட்டுப் பெட்டிக்கு. எல்லாம் ஒரே பக்கம். இரண்டாவது பக்கத்தை எந்த ஆபீசரும் திருப்பியதாகத் தனக்குத் தெரியாது என்பார். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஏழு பக்கத்தில் ஒரு மனுவோடு வந்தது நினைவிருக்கிறது. 'வரலாறு காணாத அநீதி' என்ற தொடர் அதில் மூன்று இடத்தில் வந்தது. அம்மணி ஏழு பக்கத்தையும் பொறுமையாகப் படித்து முடித்தார். பிறகு நிமிர்ந்து, "வாத்தியாருங்க, சாக்கடை எந்தப் பக்கமுங்க அடைச்சிருக்குது?" என்று கேட்டார். ஆசிரியர் வடக்குப் பக்கம் என்றார். மனு ஒன்பது வரியில் முடிந்தது.

கடைக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஜெராக்ஸ்காரர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை ஆசையாகக் காட்டினார். அதில் சுற்றத்தார் பெயர்கள் முடிந்து தேதி வருவதற்குள் முக்கால் பக்கம் போயிருந்தது. தேதியை மேலே ஏற்றச் சொன்னார் அம்மணி. சம்பந்தி கோபித்துக்கொள்வார் என்றார் ஜெராக்ஸ்காரர். சம்பந்திக்கு எப்படியும் தேதி தெரியும், வருகிறவர்களுக்குத்தானே பத்திரிகை என்றார் இவர்.

அவருடைய கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார். ஒருநாள் அவருக்கு எழுதிய கார்டு மேஜைமேல் இருந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று தெரியும். என் தொழில் அப்படி. 'பொருள்: பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக வருவது தொடர்பாக' என்று இருந்தது. நான் படித்ததை அவர் பார்த்துவிட்டார். சிரித்தார். வந்தாரா என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"வந்தாருங்க. அஞ்சு நாள் முன்னாடியே."

இப்போது என் கட்டுரைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

அந்த ஆண்டு மனித உரிமை நாளுக்கு நகரத்துக் கல்லூரி ஒன்றில் கருத்தரங்கு. என்னைப் பேச அழைத்தார்கள். நிருபரை எதற்காகவாவது கல்லூரிக்கு அழைத்தால் அவர் தன்னைப் பேராசிரியராக எண்ணிக்கொள்வார். நானும் எண்ணிக்கொண்டேன். நூலகத்தில் தடிமனான ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துவந்து, 'உரிமையின் நான்கு குரல்கள்' என்று இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய இங்கிலாந்தின் உரிமைச் சாசனம், அமெரிக்கர்களின் விடுதலைப் பிரகடனம், பிரெஞ்சுக்காரர்களின் மனித உரிமைப் பிரகடனம், ஐக்கிய நாடுகள் சபையின் உலகப் பிரகடனம். இந்த நான்கின் மொழியையும் ஒப்பிட்டு எது கம்பீரமானது, எது வறண்டது என்று தீர்ப்பு வழங்கியிருந்தேன். மேற்கோள்களை நானே மொழிபெயர்த்தேன். இரவல் கம்பீரத்தில் என் தமிழும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது. கருத்தரங்கு மலரில் போட டைப் செய்த பிரதி வேண்டும் என்றார்கள். என் கையெழுத்தை எங்கள் அச்சுக்கோப்பாளர்களே சபித்திருக்கிறார்கள். அம்மணியிடம் போனேன்.

இருபத்திரண்டு பக்கத்தையும் கையில் எடை பார்ப்பதுபோல் வாங்கிக்கொண்டார். இது மனு இல்லை, கட்டுரை என்று முன்கூட்டியே சொன்னேன். ஸ்கேலைத் தொடக் கூடாது என்றும் சொன்னேன். சரிங்க என்றார். இரண்டு நாள் கழித்துப் போனபோது எல்லாம் அடித்து அடுக்கி வைத்திருந்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. மேலே ஒரு துண்டுத்தாளில் நான்கைந்து சந்தேகங்களைக் குறித்து வைத்திருந்தார்.

முதல் சந்தேகம் அமெரிக்கர்களைப் பற்றியது. அவர்கள் பிரகடனத்தின் தொடக்கத்தை நான் இரண்டு பக்கம் புகழ்ந்திருந்தேன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், இது நிரூபணம் தேவையில்லாத உண்மை என்று அது சொல்லும் இடத்தைச் சங்கீதம் என்று எழுதியிருந்தேன். அதன்பின் அரசர் அதைச் செய்தார், இதைத் தடுத்தார் என்று இருபத்துச் சொச்சம் குற்றச்சாட்டுகள் வரிசையாக வரும். அந்தப் பகுதியை 'வாசகனைச் சோர்வடையச் செய்யும் பட்டியல்' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தேன்.

அவருக்கு அந்தப் பட்டியல் முழுசாக வேண்டும் என்றார். என்னிடம் ஆங்கிலத்தில் இருந்தது. படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். கைவேலையை நிறுத்தாமலே கேட்டார். ராஜா சட்டத்துக்குச் சம்மதம் தரவில்லை. சபையைத் தூரமான, தோதில்லாத இடத்தில் கூட்டச் செய்தார். சமாதான காலத்தில் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"இதுதானுங்க மனு. நீங்க சங்கீதம்னு சொன்னதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒட்டுன தாளு."

அந்தப் பட்டியல் முடியும் இடத்தில், நாங்கள் மிகப் பணிவாகப் பலமுறை விண்ணப்பித்தோம், பதிலாகக் கிடைத்தது மேலும் மேலும் கொடுமைதான் என்று ஒரு வாக்கியம் வரும். அதைச் சொன்னதும் டைப் அடிப்பதை நிறுத்தினார். முந்தைய மனுவின் தேதி போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு மனசே ஆறவில்லை. ஐம்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருத்தருக்குமா தோன்றவில்லை என்றார். ராஜாவின் பெயர் அதில் எங்கும் கிடையாது, தற்போதைய அரசர் என்றுதான் இருக்கிறது என்று சொன்னபோது மட்டும் அமெரிக்கர்களை மன்னித்தார். பெயரைப் போடாமல் பதவியைப் போடுவதுதான் முறை, ஆள் மாறினாலும் நாற்காலி இருக்கும் என்றார்.

பிரெஞ்சுப் பிரகடனம் பதினேழு பிரிவு. நான் அதிகம் உருகியது அதில்தான். தங்கள் உரிமைகளும் கடமைகளும் எப்போதும் கண்முன் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை அறிவிக்கிறோம் என்று அதன் முன்னுரை சொல்கிறது. அப்படியென்றால் இது மனு இல்லை, போர்டு என்றார் அம்மணி. போர்டும் வேண்டியதுதான், ஆனால் போர்டுக்கு யாரும் சீல் போட்டுத் தர மாட்டார்கள் என்றார்.

ஐக்கிய நாடுகளின் முப்பது பிரிவுகளில் 'ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு' என்று திரும்பத் திரும்ப வருவதை நான் ஜனநாயகத்தின் மூச்சு என்று வர்ணித்திருந்தேன். அம்மணியின் துண்டுத்தாளில் அதற்கு நேராக, 'குடுக்கறது யாரு?' என்று இருந்தது. எட்டாவது பிரிவில் நீதிமன்றத்தில் பரிகாரம் கேட்கலாம் என்று இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினேன். கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் அதை முதலில் அல்லவா போட்டிருக்க வேண்டும், எட்டாவதாகவா போடுவார்கள் என்றார்.

நான் வறண்டது என்று கடைசி இடம் கொடுத்த இங்கிலாந்துச் சாசனம்தான் அவருக்குப் பிடித்தது. அரசருக்கு விண்ணப்பம் கொடுப்பது குடிமக்களின் உரிமை, அப்படிக் கொடுத்தவரைச் சிறைப்பிடிப்பதும் வழக்குப் போடுவதும் சட்டவிரோதம் என்று அதில் ஓர் இடம் உண்டு. அந்த வரியை மட்டும் தனியாக ஒரு தாளில் அடித்து, மெஷினுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டியிருந்தார். போன வருஷம் மனு கொடுத்த ஓர் ஆளைத் தகராறு செய்தார் என்று போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்களாம். "முந்நூறு வருசம் முன்னாடியே இது நம்மாளுகளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க," என்றார். அவருடைய அகராதியில் மனு எழுதுகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் நம்மாளுதான்.

துண்டுத்தாளின் கடைசி வரி: 'நம்முளது எங்கீங்க?'

நம்முடைய அரசியல் சட்டத்தை நான் சேர்த்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டார். எல்லோருக்கும் தெரிந்தது என்றேன். உண்மையான காரணம் வேறு. அதை ஆங்கிலப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கவில்லை, ஆகவே எனக்குப் பெருமை சேர்க்காது. இந்திய மக்களாகிய நாம் இதை நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம் என்ற முன்னுரையைச் சொன்னேன். அனுப்புநரும் பெறுநரும் ஒரே ஆளா என்று கேட்டு, அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, எந்த வடிவத்திலும் அதைக் கடைப்பிடிப்பது குற்றம் என்ற பதினேழாவது பிரிவை மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். இதில் ஒரு சொல் கூட எடுக்க முடியாது என்றார். நான் பார்த்தவரை, எந்த எழுத்தைப் பற்றியும் அவர் சொன்ன உயர்ந்த பாராட்டு அதுதான்.

கட்டுரையில் நான் ஒன்றையும் திருத்தவில்லை. கருத்தரங்கில் முழுதாக வாசித்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் கடைசி வரை விழித்திருந்தார்கள். நன்றியுரை சொன்னவர் 'கம்பீரமான உரை' என்றார். அந்த ஒரு சொல் தலைக்கு ஏறிய நிலையில்தான், அடுத்த வாரம் அந்தப் பெண்களைச் சந்தித்தேன்.

டிசம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை. டைப்பிங் கடை பூட்டியிருந்தது. தங்கைக்குப் பிரசவம் என்று அம்மணி அந்தியூர் போய்விட்டார், வர மூன்று வாரம் ஆகும் என்று ஜெராக்ஸ்காரர் சொன்னார். கடை வாசலில் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். அன்னூருக்கு வடக்கே ஒரு கிராமத்தின் காலனியிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் ஒரே நூல் மில்லில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் செல்வி என்ற இருபது வயதுப் பெண்தான் பேசினாள்.

காலனியிலிருந்து தார் ரோட்டுக்கு ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்தில் மண் தடம். விடியற்காலை மில் வேனைப் பிடிக்க அதில் நடந்தால் பத்து நிமிடம். இட்டேரிக்கு இருபுறமும் நிலம் வைத்திருந்த தோட்டத்துக்காரர் இரண்டையும் ஒன்றாக்கி, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். இப்போது ஊர் வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நாற்பது நிமிடம். அந்த வீதியில் காலனிக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளில் போனால் இறங்கி உருட்ட வேண்டும். இட்டேரி இருந்த வரை அவர்களுக்கு அந்த வீதியே தேவைப்பட்டதில்லை. மில் சூப்பர்வைசர், மூன்று முறை வேனைத் தவறவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். செல்வி ஏற்கெனவே ஒருமுறை தவறவிட்டிருந்தாள்.

வேறு டைப்பிஸ்ட் இருவர் அந்த வரிசையிலேயே இருந்தார்கள். நான் அவர்களைக் கைகாட்டியிருக்கலாம். நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

ராத்திரி உட்கார்ந்து எழுதவில்லை. பட்டப்பகலில், நல்ல நினைவோடு, காபி குடித்துக்கொண்டு எழுதினேன். 'பிறப்பால் மனிதர் யாவரும் சமம் என்பதும், நடப்பது மனிதனின் முதல் உரிமை என்பதும் எவரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லாத உண்மைகள்' என்று ஆரம்பித்தது. நான்கு பக்கம். 'பெறுநர்' என்ற இடத்தில் 'மனசாட்சியுள்ள அனைவருக்கும்' என்று போட்டேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. காந்திபுரத்தில் புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து, சுற்றிலும் கொடி ஓடுகிற பார்டர் போட்டு எடுத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் வைத்து அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டார்கள். வயதில் மூத்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசியாகவும் இருக்கலாம். செல்வி மட்டும் முடிந்த பிறகு கேட்டாள்.

"ஏனுங்க சார், தடத்தைப் பத்தி எங்கீங்க வருது?"

மூன்றாம் பக்கத்தில் என்றேன். சரிங்க என்றாள். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள், நான்கு பேர் கைநாட்டு வைத்தார்கள். ஐம்பத்தாறு அமெரிக்கர்களின் ஞாபகம் வந்தது எனக்கு. அடுத்த திங்கட்கிழமை அவர்களோடு வரிசையில் நின்று கொடுத்தோம். மேஜையில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், பார்டரைத் தடவிப் பார்த்தார், சீல் போட்டார்.

ஜனவரி முதல் வாரம் அம்மணி திரும்பிவந்தார். சீல் போட்ட காப்பியைப் பெருமையோடு அவரிடம் நீட்டினேன். நான்கு பக்கத்தையும் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதில் சர்வே நம்பர் இல்லை, கம்பி கட்டிய தேதி இல்லை, எந்த ஆபீஸ் என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை, இது திரும்பி வரும் என்றார். இன்றைக்கே வேறு ஒன்று அடித்துத் தருகிறேன், அவர்களை வரச்சொல்லுங்கள் என்றார்.

நான் வேண்டாம் என்றேன். ஒரு மனு நடவடிக்கையில் இருக்கும்போது இன்னொன்று கொடுத்தால் முதலாவதன் கனம் போய்விடும் என்றேன். எனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியும் என்ற தொனியில் சொன்னேன். காரணம் அது இல்லை. என் நான்கு பக்கத்தை ஒரு பக்கமாக்குவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

"உங்க இஷ்டமுங்க. ஆனா இது உங்க மனு இல்லீங்க," என்றார். மெஷினில் அடுத்த தாளைச் சொருகினார்.

பொங்கல் முடிந்து பதில் வந்தது. மனுவில் தெரிவிக்கப்பட்ட கருத்துகள் கவனத்தில் கொள்ளப்பட்டன, குறிப்பிட்ட கோரிக்கை ஏதுமிருப்பின் உரிய அலுவலகத்துக்குத் தனியே விண்ணப்பிக்கலாம். நான் எழுதியதற்கு அதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. அதற்குள் செல்வி மூன்றாவது முறையும் வேனைத் தவறவிட்டிருந்தாள். சைக்கிள் வாங்கியிருக்கிறாள். ஊர் வீதி முழுக்க இறங்கி உருட்டியதில் ஐந்து நிமிடம் தாமதம். சூப்பர்வைசரிடம் அழுது கேட்டதில், மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருக்கிறேன், அதற்குள் நேரத்துக்கு வருவதற்கு வழி செய்துகொண்டு வா, இல்லையென்றால் ஆள் போட்டுவிடுவேன் என்றிருக்கிறார்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை. செல்வியும் இன்னும் இரண்டு பேரும் அம்மணி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜெராக்ஸ் மெஷின் ஓரமாக நின்றேன். செல்வி கிராம அதிகாரியிடம் எழுதி வாங்கிவந்த சர்வே நம்பரை நீட்டினாள். கணக்கில் அந்த இட்டேரி வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தது. அதாவது தோட்டத்துக்காரருடையது அல்ல, சர்க்காருடையது. இந்த ஒரு சொல் என் நான்கு பக்கத்தில் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

அம்மணி கலெக்டருக்கு எழுதவில்லை. அவருக்குப் போட்டாலும் தாசில்தாருக்குத்தான் வரப்போகிறது, நேராகப் போட்டால் ஒரு வாரம் மிச்சம் என்றார். கல்லுக்கால் நட்ட தேதி, தடத்தின் நீளம், சுற்றுவழியில் ஆகும் நேரம், மாதக் கடைசிக்குள் வேண்டும் என்பதற்குக் காரணம். செருப்பு விஷயத்தையும் சேர்க்க வேண்டும், அதுதான் இதில் பெரிய அநீதி என்று நான் ஓரத்திலிருந்து சொன்னேன். அம்மணி என்னைப் பார்க்கவில்லை. செல்வியைத்தான் கேட்டார்.

"நீ சொல்லு கண்ணு. என்ன வேணும் உனக்கு?"

பக்கத்தில் இருந்த பெண், தடம் மட்டும் போதும், வம்பு வேண்டாம் என்று செல்வியின் கையைப் பிடித்தாள். செல்வி கையை விடுவித்துக்கொண்டாள்.

"தடம் வேணுமுங்க. வீதியிலயும் செருப்புப் போட்டுட்டுச் சைக்கிள்ல போகோணுமுங்க. ரெண்டையும் ஒண்ணா எழுதுனா, தடத்தைக் குடுத்துப்போட்டு வீதியை மறந்துருவாங்க."

அம்மணி தலையாட்டினார். இரண்டு மனு அடித்தார். இரண்டாவதில் பதினேழாவது பிரிவு ஒரு சொல் குறையாமல் இருந்தது. அதற்குக் கீழே, எந்த வீதி, எந்தத் தேதி, யார் சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னது. அனுப்புநர் செல்வி மட்டும். மற்ற இருவரும் வீதி மனுவில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அவர்களை அம்மணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஊரில் அவர்கள் இருக்க வேண்டும், தான் இல்லை என்றார் பிறகு. கார்பனை உருவி எடுத்துத் தாள்களைப் பிரித்து, செல்வியிடம் கொடுக்கும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துக் காட்டினார். என்னுடையதைக் கேட்டபோது யாருடைய முகமும் அப்படி இறுகவில்லை.

செல்வி அன்று போகும்போது என்னிடம் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தாசில்தார் ஆபீஸிலிருந்து சர்வேயர் ஒன்பதாம் நாள் சங்கிலியோடு வந்து அளந்தார். தோட்டத்துக்காரருக்கு நோட்டீஸ் போயிற்று. வீதி மனு தனி வழியில் போயிற்று. அதற்கு மூன்று ஆண்டும் இன்னும் நான்கு மனுக்களும் ஆயின. எல்லாம் ஒரு பக்கம். மற்ற பெண்களில் ஐந்து பேர் கடைசி மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இவை எல்லாம் செய்தியாகப் போடத் தக்கவைதான். நான் போடவில்லை. போட்டால் முதல் மனுவை எழுதியது யார் என்று எழுத வேண்டியிருந்திருக்கும்.

என் நான்கு பக்கத்தைப் பற்றி அம்மணி அதன்பின் என்னிடம் பேசியதே இல்லை. குத்திக்காட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டு கோவையிலிருந்து மாற்றலாகும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு, திரும்பி வருவீர்களா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் சரியான பதில் சொன்னேன்.

இட்டேரியில் கல்லுக்கால்களைப் பிடுங்கிப் போட்டது பிப்ரவரி நான்காம் தேதி காலை. மில் இடம் மாதக் கடைசியோடு போய்விட, செல்வி பவானியில் ஒரு ஜமக்காளப் பட்டறையில் வேலைக்குச் சேர பஸ் ஏறியது இரண்டாம் தேதி.